லோங்ஸ் போடாத வருஷம்

கடைக்காரி கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. "யாருக்குக் கல்யாணம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். லண்டனில், டூட்டிங்கில் பெரிய தெருவோரம் இருக்கும் சரிட்டிக் கடை அது; ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகும் பழைய உடுப்புகளை விற்று தருமத்துக்குக் கொடுப்பார்கள். கண்ணாடிக்குள் தலையில்லாத பொம்மை ஒன்று கில்ட் கட்டிக்கொண்டு நின்றது. ஸ்கொட்லாந்து ஆம்பிளைகள் கல்யாணத்துக்கும் வருஷப் பிறப்புக்கும் கட்டுவார்களே, முழங்கால் மட்டும் வரும், பின்பக்கம் முழுக்க மடிப்பு வைத்த கம்பளி உடுப்பு, அதுதான். கரும்பச்சையிலும் கருநீலத்திலும் கட்டம் போட்டது. மூன்று நாள் அந்தக் கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி நின்றுவிட்டு, நான்காம் நாள்தான் உள்ளே போனேன்.

"கல்யாணம் ஒன்றுமில்லை, ஒவ்வொரு நாளும் போட," என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பகிடி விடுகிறேனாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எனக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சுடும். இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியும் அந்தக் குணம் போகவில்லை. ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரணத்தைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

காரணம் என் தொடையில் கட்டியிருந்தது. அதற்கு முந்திய கார்த்திகையில் எனக்குச் சலம், அதுதான் மூத்திரம், அடைத்துவிட்டது. புரொஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, பெரிய ஒப்பரேஷனுக்கு இருதயம் தாங்காது, இனிக் குழாய்தான் என்று ஆஸ்பத்திரியில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வரும். அது தொடையில் பட்டி போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வந்து விழும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பையின் அடியிலுள்ள பூட்டைத் திறந்து ஊற்றிவிட வேண்டும். "பழகிவிடும்," என்றாள் நேர்ஸ், இடியப்பம் அவிக்கப் பழகுவதுபோல.

நான் பழகினேன். என் லோங்ஸ்தான் பழகவில்லை. லோங்ஸ் என்று நாங்கள் சொல்லும் நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு குந்தினால், கவட்டுக்குள் குழாய் மடிந்துவிடும். மடிந்தால் சலம் பைக்குப் போகாது, பக்கத்தால் கசியும். முதல் தடவை அது நடந்தது பஸ்ஸில். நானே வருஷக்கணக்காக ஓட்டிய பாதையில், பயணியாக இருந்து எழும்பித் திரும்பிப் பார்த்தால் சீட் ஈரம். இரண்டு தரிப்பிடம் முந்தியே இறங்கி நடந்தேன். நல்ல காலம், மழை பெய்தது. எல்லாரும் நனைந்திருந்தபடியால் நான் நனைந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"அப்ப சாரத்தைக் கட்டிக்கொண்டு போங்கோவன், ஆர் பாக்கினம்?" என்றாள் மனைவி.

"ஆர் பாக்காமல் விடினம்?" என்று பாய்ந்தேன்.

லண்டனில் சாரத்துக்கு, அதுதான் லுங்கிக்கு, எல்லை வாசற்கேற்றுத்தான். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்வரை அது செல்லும்; அதற்கங்கால் இல்லை. வேட்டி? நடுப் பகலில் வெள்ளை வேட்டியோடு றோட்டில் போனால், எந்தச் செத்த வீடு என்று நாலு பேர் கேட்பார்கள். அதைவிட வெள்ளையில் ஒரு சொட்டு விழுந்தால் ஊருக்கே படம் காட்டும். சாம்பல் நிற ட்ராக் சூட்டும் போட்டுப் பார்த்தேன். அதிலும் ஈரம் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஜன்னலால் பஸ் போவதைப் பார்த்து, எது எத்தனை நிமிஷம் பிந்தி வருகிறதென்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பாவம், அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கில்ட் தடிப்பு. கரு நிறம். குழாயை ஒன்றும் நெரிக்காது. பையை ஊற்றுவதும் லேசு. தொடையில் பை பிதுங்கியிருப்பதை மடிப்புகள் மறைத்துவிடும். அந்தக் கடைப் பொம்மையை முதல் நாள் பார்த்தபோதே என் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிக் காட்டினேன். மனைவி வாயில் கை வைத்தாள். "ஐயோ கடவுளே! இதென்ன பாவாடை? உங்களுக்கென்ன விசரே?" என்றாள். பிறகு என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். பிறகு பின்பக்கம் ஒரு மடிப்பு கலைந்திருக்கிறதென்று அயன் பெட்டியை எடுத்தாள். எங்கள் வீட்டில் சம்மதம் அப்படித்தான் வரும்.

கட்டிக்கொண்டு வெளியே இறங்கிய முதல் நாள், என் கை தன் பாட்டில் விளிம்பைப் பிடித்து மடித்துக் கட்டப் போனது. சாரம் கட்டிய கையல்லவா, படியைக் கண்டால் தூக்கும். கில்டைத் தூக்கினால் கதை கந்தல். கைகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். மீன் கடைக்குப் போனேன். நூல் நிலையத்தில் பேப்பர் பார்த்தேன். பூங்கா வாங்கில் குந்தியிருந்து, குழாய் மடியாமல், கசியாமல், ஒரு முழு மணித்தியாலம் வெயில் காய்ந்தேன். அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

வெள்ளைக்காரர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: இன்றைக்கு என்ன விசேஷம்? கல்யாணமா, ஃபுட்போல் மட்சா? ஒருவன் பஸ் தரிப்பில் என் தோளில் தட்டி வாழ்த்துச் சொன்னான். அவர்களுக்கு அது பெட்டியில் மடித்து வைத்து, நல்ல நாளுக்கு எடுக்கிற உடுப்பு. நான் அதைக் கட்டிக்கொண்டு கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். எங்கட ஆட்கள் கேள்வியே கேட்கவில்லை. தங்களுக்குள் சிரித்தார்கள். "அங்கிள் பாவாடையோட திரியிறார்" என்பது என் காதிலும் விழுந்தது.

சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தத் தை மாதம்தான் மகளின் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன் பேசிய முதல் சம்பந்தம், மண்டபம் எடுத்த பிறகு குழம்பியது. என் இருதய வருத்தத்தை யாரோ போய் ஊத, பரம்பரை வருத்தமோ என்று அவர்கள் விசாரித்து, கடைசியில் ஒரு ரெலிபோன் கோலில் வேண்டாமென்றுவிட்டார்கள். மகள் ஒரு மாதம் அறைக் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே சாப்பாட்டுக் கோப்பையோடு நின்றது நான். இரண்டாம் முறையும் என்னால் ஒன்று குழம்பினால் நான் உயிரோடு இருந்து பயனில்லை. ஆகவே குழாய் விஷயம் மனைவிக்கும் எனக்கும் மட்டும். ஹரோவில் வேலை பார்த்து அங்கேயே அறையெடுத்திருந்த மகளுக்கு, அப்பாவுக்குச் சின்ன ஹேர்னியா ஒப்பரேஷன் என்று சொல்லியிருந்தோம். அவளிடம் சொன்னால் அந்தப் பெடியனிடம் சொல்லிவிடுவாள். ஒளிக்கத் தெரியாத பிள்ளை. அதோடு, எந்த இடத்தில் குழாய் போட்டிருக்கிறதென்று ஒரு தகப்பன் மகளுக்கு எந்த வாயால் சொல்லுவது?

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து, பலசரக்குக் கடையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை, இதென்ன கோலம்?"

கடையில் ஐந்தாறு பேர். எல்லார் கண்ணும் என் முழங்காலில். காது சுட்டது. எங்கிருந்து அந்தச் சொல் வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"நேர்த்தி," என்றேன்.

"நேர்த்தியோ?"

"ஓம். முருகனுக்கு. தைப்பூசத்தில இருந்து தைப்பூசம் மட்டும் லோங்ஸ் போடுறேல்ல எண்டு வச்சிருக்கிறன்."

"அப்ப வேட்டி கட்டலாமே?"

"இந்தக் குளிருக்கோ?"

அவர் முகம் மாறிவிட்டது. சிரிப்புப் போய் ஒரு பணிவு வந்தது. எங்கட ஆட்களிடம் கடவுளுக்கு வைத்த நேர்த்தி என்று சொல்லிவிட்டால், மேலே ஒருவரும் தோண்ட மாட்டார்கள். மொட்டை போடுகிறான், மீன் தின்னாமல் இருக்கிறான், செருப்புப் போடாமல் திரிகிறான், எல்லாம் செல்லும். நான் கில்ட் போட்டதும் செல்லுபடியாகிவிட்டது. கடையை விட்டு வெளியே வந்தபோது, பெரிய கெட்டித்தனம் செய்த பெருமை எனக்கு. மடையன்.

அடுத்த சனிக்கிழமை மகள் வந்தாள். கதை அதற்குள் மாப்பிள்ளை வழியாக அவளுக்கு எட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் என் கில்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அப்படியே கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள்.

"அப்பா, எனக்காகத்தானே? என்ர வெடிங் நல்லபடியா நடக்கோணும் எண்டுதானே நேர்த்தி வச்சனீங்கள்? எல்லாரும் சிரிக்கச் சிரிக்க இதோட றோட்டில போறீங்களே அப்பா!"

குசினி வாசலில் மனைவி நின்றாள். சொல்லுங்கோ என்று கண்ணால் காட்டினாள். நான் மகளின் தலையைத் தடவினேன். "அழாதை பிள்ளை," என்றேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது பொய்யில்லை என்று எனக்கு நானே நியாயம் வைத்துக்கொண்டேன்.

வசந்தம் வந்தது, கோடை வந்தது. கம்பளிக்குள் வேர்த்தது, நேர்த்திக்காரன் முறைப்பாடு சொல்லலாமா? கோயிலில் ஆட்கள் எனக்கு வழி விட்டார்கள். பிள்ளையில்லாத ஒரு பெண் வந்து, என்ன நேர்த்தி வைத்தால் பலிக்கும் ஐயா என்று கேட்டாள். அதற்குப் பிறகு கோயில் பக்கம் போவதைக் குறைத்தேன்.

கல்யாணம் ஆவணியில், ஹரோவில் ஒரு மண்டபத்தில். ஒரு மாதத்துக்கு முன் மகள் எனக்குப் பட்டு வேட்டி கொண்டுவந்தாள். பால் வெள்ளை, இரண்டு விரல் அகலத்தில் தங்கக் கரை. கதிரையில் விரித்து வைத்து, தடவித் தடவிக் காட்டினாள்.

"லோங்ஸ் தானே அப்பா போடக்கூடாது. வேட்டி கட்டினால் நேர்த்தி குழம்பாது. நான் ஐயரையும் கேட்டனான்."

பார்த்தீர்களா? நானே கட்டிய பொய் என்னை வளைத்துப் பிடித்தது. எங்கள் கல்யாணத்தில் பெண்ணின் தாயும் தகப்பனும் மணவறையில் சோடியாக இருந்து, பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்துக் கொடுக்க வேண்டும். தாரை வார்ப்பது என்பது அதைத்தான். சடங்குகள் எல்லாம் சேர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், சப்பாணி கட்டிக் காலை மடித்து, வெள்ளைப் பட்டில், முந்நூறு பேருக்கும் மூன்று கமராவுக்கும் முன்னால். அதைவிட இன்னொன்று என்னை அரித்தது. சலப்பையைத் தொடையில் கட்டிக்கொண்டு அக்கினிக்கு முன் இருக்கலாமா? பிள்ளையின் கல்யாணத்துக்கு அதுவே ஒரு குற்றமாகிவிடாதா?

"ஐயரைக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி.

"என்னெண்டு கேக்கிறது? கேட்டால் ஏன் எண்டு கேக்கமாட்டாரே?"

"அப்ப மகளுக்குச் சொல்லுங்கோ. அவள் ஏதும் வழி பாப்பாள்."

"கல்யாணத்துக்கு முன்னமோ? உனக்கென்ன விசரே?"

"எனக்கில்லை விசர்," என்றாள்.

கல்யாணத்தன்று காலையிலிருந்து தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மண்டபத்துக்குப் போனதும் பையை ஊற்றினேன்; குழாயைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன்; வேட்டியைக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் பெண்ணைப் பெற்ற தகப்பன் மாதிரித்தான் இருந்தது. பரவாயில்லை, முருகா, இரண்டு மணித்தியாலம் தாக்குப் பிடித்துத் தா என்று கேட்டேன். வாசலில் நின்று ஆட்களை வரவேற்றேன். அரை மணித்தியாலம் ஒன்றுமில்லை. பிறகு மாப்பிள்ளையின் தகப்பன் என்னைப் பக்கத்தில் இழுத்துக் கதிரையில் இருத்தினார். இருந்ததும் தொடையில் சூடாக ஒன்று ஓடியது.

தோளில் கிடந்த சால்வையை முன்னால் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடந்தேன். ஓடினால் பார்ப்பார்கள். உள்ளே போய்ப் பூட்டிவிட்டுக் குனிந்து பார்த்தேன். பால் வெள்ளைப் பட்டில் உள்ளங்கையளவு மஞ்சள். பட்டைக் கழுவினாலும் உடனே காயாது. வெளியே நாதசுரம் எடுத்துவிட்டார்கள்.

மனைவி ஆம்பிளைகளின் கழிப்பறைக் கதவில் வந்து தட்டினாள். தன் கல்யாணக் கூறைச் சேலை, கழுத்து நிறைய நகை.

"என்ன? பொம்பிளையை இப்ப கூப்பிடப் போகினம்!"

கதவை நீக்கிக் காட்டினேன். அவள் பார்த்தாள்.

"காருக்குள்ள கில்ட் கிடக்கு, எடுத்துக்கொண்டு வா," என்றேன். "என்ர தம்பியையும் அவன்ர மனிசியையும் மணவறைக்குப் போகச் சொல்லு."

கில்டோடு சப்பாணி கட்டினால் பையும் குழாயும் எல்லாருக்கும் தெரியும். தாரை வார்ப்பது சோடியாகத்தான். தகப்பன் இல்லையென்றால் தாயும் இல்லை. அந்த இடத்தில் வேறு சோடிதான் இருக்க வேண்டும். அதை நான் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அவளுக்கு உடனேயே விளங்கிவிட்டது.

"உங்கட வெக்கத்துக்கு," என்றாள், "நான் பெத்த பிள்ளையை நான் தாரை வார்க்கேலாமல் போச்சு."

ஆனால் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

தம்பிக்கு இன்னொரு பொய் சொன்னேன். வேட்டியைக் கட்டியதும் தலை சுற்றுகிறது, உடுப்பு மாற்ற முருகன் விடுகிறானில்லை என்றேன். தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டு மணவறைக்கு ஓடினான். நான் கடைசி வரிசையில் ஒரு தூணோடு நின்றேன். மகள் வந்து இருந்தாள். பக்கத்தில் பார்த்தாள், சித்தப்பன் இருந்தான். தலையைத் தூக்கி மண்டபம் முழுக்கத் தேடினாள். என் கண்ணைக் கண்டாள். கில்டைக் கண்டாள். குனிந்துவிட்டாள். சித்தப்பனின் கைதான் தண்ணீர் வார்த்தது. மனைவி முன் வரிசையில், விருந்தாளிகளோடு விருந்தாளியாக இருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மகளின் வேலையிடத்து மனேஜர் என்னிடம் வந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், உயர்ந்த மனிசன், சாதாரணக் கோட் சூட்டோடு. என் உடுப்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண் கலங்கினார் என்றால் நம்புவீர்களா? இன்றைக்கு இங்கே முறையாக உடுத்திக்கொண்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். தன்னுடையதைக் கடைசியாகத் தன் மகளின் கல்யாணத்துக்குக் கட்டினாராம். அதற்குப் பிறகு பெட்டியில் கிடக்கிறதாம். இன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று வருத்தப்பட்டார். பிறகு கேட்டார், "உங்கள் சடங்கில் தகப்பன் செய்வது எது? நான் பின்னால் இருந்தேன், வடிவாகத் தெரியவில்லை."

பாயாசக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகிவிட்டேன்.

மகள் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தபோது அவள்தான் எல்லாருக்கும் சொன்னாளாம்: "அப்பா எனக்காக வச்ச நேர்த்தி. அதை எனக்காகக் குழப்பச் சொல்லி நான் கேக்கமாட்டன்." மூன்றாம் நாள் தம்பி இதை எனக்குப் பெருமையாகச் சொன்னான். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

கல்யாணம் ஒப்பேறிவிட்டது. இனிச் சொல்லலாம்தானே? புரட்டாதியில் சொல்லுவம் என்றேன். ஐப்பசியில் அவள் ரெலிபோனில் சிரித்துக் கதைத்தாள், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். மனைவி ஒவ்வொரு கிழமையும் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனாள். தைப்பூசம் வரட்டும் என்றேன்.

தைப்பூசம் வந்தது. காலை எட்டு மணிக்கு மகள் வாசலில் நின்றாள். ஒரு கையில் தேங்காயும் பழமும் வைத்த பை, மற்றக் கையில் ஒரு கடதாசிப் பை.

"ஆர்ச்வே முருகன் கோயில்ல அர்ச்சனைக்குச் சொல்லிப்போட்டன். நேர்த்தி இண்டையோட முடியுது," என்றாள். கடதாசிப் பையிலிருந்து ஒரு லோங்ஸை எடுத்தாள். கருநீலம், நல்ல துணி, மடிப்புக் கத்திபோல இருந்தது. "உங்கட பழைய லோங்ஸ் ஒண்டைக் களவெடுத்துக்கொண்டு போய் அளவு குடுத்துத் தைப்பிச்சனான். ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ. அர்ச்சனை முடிய இதோடதான் வீட்டை வரோணும், சரியோ?"

அவள் அவ்வளவு சந்தோஷமாக நின்றாள். லோங்ஸை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனேன். ஒரு காலை விட்டேன். மற்றக் காலையும் விட்டேன். இழுத்தால் பை இடறியது. கட்டிலில் குந்தினேன், குழாய் மடிந்தது. ஒரு வருஷத்துக்கு முன்பு பஸ்ஸில் எப்படியோ, அப்படியே. வயிற்றுக்குள் முட்டியது. அதைக் கழற்றிவிட்டு மறுபடி கில்டைக் கட்டினேன்.

"பிள்ளை, உள்ளுக்கு வா," என்றேன்.

வந்தாள். என் கையில் லோங்ஸ், இடுப்பில் கில்ட். என்ன என்பதுபோல் பார்த்தாள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. கில்டின் ஓரத்தை மெல்ல விலக்கி, பையையும் பட்டியையும் குழாய் வரும் இடத்தையும் காட்டினேன். அறுபத்தெட்டு வயதில், நான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு முன்னால்.

அவள் முழங்காலில் இருந்து பார்த்தாள். குழாய் ஒரு இடத்தில் முறுகியிருந்தது. விரலால் அதை நேராக்கிவிட்டாள்.

"எப்ப இருந்து?"

"ஒப்பரேஷன் எண்டு சொன்னமே, அப்ப இருந்து."

"வெடிங் அண்டைக்கும் இருந்ததோ?"

"ஓம். வேட்டியில கசிஞ்சிட்டுது பிள்ளை. அதுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அவள் லோங்ஸை என் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, கடதாசிப் பைக்குள் வைத்தாள். நான் கசிவைப் பற்றிக் கேட்பாள், நோவைப் பற்றிக் கேட்பாள், ஏன் சொல்லவில்லை என்று கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

"அப்ப எனக்காக இல்லை," என்றாள்.

"என்ன பிள்ளை?"

"நேர்த்தி. எனக்காக ஒண்டும் வைக்கேல்ல நீங்கள்." அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள். "அண்டைக்கு மணவறையில சித்தப்பாவின்ர கை என்ர கையில பட்டேக்க, பரவாயில்லை, அப்பா எனக்காக ஒரு வருஷம் எல்லாற்ற பகிடியையும் தாங்கிறார், இதை நான் தாங்கலாம் எண்டு நினைச்சனான். அதை வச்சுத்தான் நான் அண்டைக்கு அழாமல் இருந்தனான். இப்ப அதுவும் இல்லை."

உன் சம்பந்தம் குழம்பக் கூடாதென்றுதான் ஒளித்தேன் என்று சொல்லியிருக்கலாம்; அது உண்மையும்தான். ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதி என் வெட்கம். இத்தனை பொய்க்குப் பிறகு அந்தப் பாதியை மட்டும் அவளிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

"அம்மா, வெளிக்கிடுங்கோ," என்று அவள் குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னாள். மனைவி அடுப்படியை விட்டு அசையவில்லை. "நீங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ," என்றாள், கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி. கடதாசிப் பை மேசையிலேயே கிடந்தது.

டூட்டிங்கிலிருந்து ஆர்ச்வேக்கு ஒரே பாதை, நோர்தேர்ன் லைன். மகள் என் பக்கத்தில் இருக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்தாள், அர்ச்சனைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. ரெயின் ஆடும்போது தேங்காய் உருளாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் என் முழங்காலைப் பார்த்தேன். கட்டங்கள் நடுவில் கொஞ்சம் வெளிறியிருந்தன. ஒரு வருஷம் நாளாந்தம் கட்டிய கம்பளி.

பாங்க் ஸ்டேஷனில் ஏறிய ஒரு முதிய வெள்ளைக்காரர் என் பக்கத்தில் வந்து இருந்தார். கில்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வழக்கமான கேள்வி வருகிறதென்று எனக்குத் தெரியும்.

"இன்றைக்கு ஏதும் விசேஷமா?" என்று கேட்டார்.

பழக்கதோஷம். ஓம், கோயில், நேர்த்தி என்று தொடங்க என் வாய் திறந்துவிட்டது. அதற்கு முன் எதிர் சீட்டிலிருந்து மகளின் குரல் ஆங்கிலத்தில் வந்தது.

"விசேஷம் ஒன்றுமில்லை. என் அப்பா ஒவ்வொரு நாளும் இதைத்தான் போடுகிறவர்."

அந்த மனிசர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு பேப்பரை விரித்தார். மகள் சிரிக்கவில்லை. என் கண்ணையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தேங்காயைப் பிடித்த கையை எடுக்காமல், முன்னுக்குக் குனிந்து தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

"பை நிரம்பிட்டுதோ? எங்கையும் இறங்கோணுமோ?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "ஆர்ச்வே மட்டும் தாங்கும்."